குமுதாவின் நாற்பத்தொன்று

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலைத் தேநீருக்குச் சீனி போட்டோமா இல்லையா என்று விமலாவுக்கே தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கரண்டி போட்டாள். தனேஸ்வரன் ஒரு வாய் குடித்தான், முகத்தைச் சுளித்தான், ஒன்றும் சொல்லாமல் மீதியையும் குடித்து முடித்தான். எதையும் வாய் திறந்து சொல்லாத மனிதன். அந்த வீட்டு ரகளைகளில் பாதிக்கு அதுதான் காரணம் என்பது விமலாவின் நெடுநாள் கட்சி.

"சாயங்காலம் ஒங்க தம்பி வந்து நின்னா என்ன சொல்லப் போறீங்க?"

"வரட்டும்லா. வந்தா பேசிக்கலாம்."

"யாரு, நீங்க பேசுவீங்க?"

அவன் கோப்பையைக் கழுவப் போய்விட்டான்.

தம்பி யுகேந்திரன் எதற்காக வருகிறான் என்பது ஊருக்கே தெரியும். ஊர் என்றால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற ஊர். வியாழக்கிழமை விமலா தன் மகன் பவித்ரனின் பள்ளிச் சோதனைத் தாளைப் படம் எடுத்து அதில் போட்டாள். ஆறாம் ஆண்டு, கணிதம், எண்பத்தெட்டு மார்க். கட்டை விரல்கள் வந்து குவிந்தன. தனேஸ்வரன் சும்மா இருந்திருக்கலாம். "குமுதாவோடதும் வந்திருக்கு" என்று எழுதி, ஐந்தாம் ஆண்டில் படிக்கும் குமுதாவின் அறிக்கையையும் அதற்குக் கீழேயே போட்டுவிட்டான். இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாகத்தான் பார்க்கிறோம் என்று காட்டுகிற நல்ல எண்ணம். அந்த அறிக்கையில் கணிதத்துக்கு நேராக 41 என்று இருந்தது.

குமுதா, யுகேந்திரனின் மகள். அவள் தாய் புனிதா காய்ச்சல் கண்டு இறந்துபோனபோது பிள்ளைக்குச் சரியாகப் பேச்சுக்கூட வரவில்லை. "கொஞ்ச நாளைக்கு வச்சிருங்க அண்ணி" என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான் யுகேந்திரன். அந்தக் கொஞ்ச நாள் எட்டு வருடமாகிவிட்டது. இடையில் அவனுக்குச் சித்தியவான் பக்கம் கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை கிடைத்தது, ரோஷினி என்ற பெண்ணை மறுமணம் செய்துகொண்டான். தீபாவளிக்கு வருவான், பிறந்தநாளுக்குப் போன் போடுவான். மற்ற நாட்களில் குமுதா விமலாவின் பிள்ளை.

அந்த நாற்பத்தொன்றைப் பார்த்துவிட்டு அவன் அனுப்பிய குரல் பதிவு, கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது ஒலித்தது.

"ஒங்க மவனுக்கு எண்பத்தெட்டு, என் மவளுக்கு நாப்பத்தொண்ணா அண்ணி? தாயில்லாப் புள்ளைக்கு இவ்வளவுதானா? சனிக்கிழம வாரேன். அவ துணிமணிய எடுத்து வைங்க. இனிமே நானே பாத்துக்கறேன்."

இது புதுப் பேச்சும் அல்ல. அடைவுநிலைத் தேர்வு வரப்போகிறது என்று விமலா போனை ஸ்பீக்கரில் வைத்துச் சொன்ன அன்றே, "இந்தத் தடவையும் மார்க்கு வரலன்னா நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன், பாத்துக்குங்க" என்று மிரட்டியிருந்தான். அப்போது குமுதா சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் கை சற்று நேரம் நின்றது, பிறகு மறுபடியும் கிள்ளத் தொடங்கியது. பாவம், பிள்ளை பயந்துவிட்டது என்று விமலா நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அந்தப் பயந்த பிள்ளையைத்தான் அவளும் ஏசினாள். "என் மானத்த வாங்கிட்டியே குமுதா" என்று கேட்டுவிட்டாள். விமலாவுக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. பவித்ரனுக்குக் கணித டியூஷன் உண்டு, குமுதாவுக்கு இல்லை. அவன் ஆறாம் ஆண்டு, இவளுக்கு அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்திருந்தாள். நியாயமான காரணம்தான். ஆனால் யுகேந்திரனின் குரல் அந்த நியாயத்தைக் கிளறிவிட்டது. வயிற்றில் பிறந்ததற்கு ஒரு கை, வந்ததற்கு ஒரு கை என்று நாம் வைத்துவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பின்கட்டில் குமுதா பள்ளிக் காலணிகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் காலணி கழுவுகிற பிள்ளை உலகத்தில் உண்டா?

"பெரியம்மா, அப்பா எத்தன மணிக்கு வருவாரு?"

"மொதல்ல பசியாறு வா. ரொட்டி வச்சிருக்கேன்."

"மழ வருமா பெரியம்மா? இது காயணும்."

விமலா வானத்தைப் பார்த்தாள், பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நிமிடத்தில்தான் முடிவு செய்தாள். வேலை செய்யும் ஹியோங் பெங் பிஸ்கட் கடைக்குப் போன் போட்டு, சக்கிட் பெருட், வயிற்று வலி, வர முடியாது என்றாள். சனிக்கிழமை வெளியூர்க்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் போகிற நாள். முதலாளியம்மா ஒரு பெருமூச்சு விட்டு, சரி என்று வைத்தாள். அறிக்கையை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு விமலா மோட்டார் சைக்கிளைக் கிளப்பினாள்.

"எங்க போற?" என்றான் தனேஸ்வரன்.

"பள்ளிக்கூடத்துக்கு. பெயிலாயிருந்தா ஏன் பெயிலுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாரேன். சும்மா நின்னு ஒங்க தம்பிகிட்ட ஏச்சு வாங்க முடியாது."

*

பள்ளி கோப்பெங் பக்கம். தனேஸ்வரனும் யுகேந்திரனும் படித்ததும் அங்கேதான். அப்போது சுற்றிலும் ரப்பர்ப் பால் எடுக்கும் கித்தா மரங்கள். தோட்டம் கைமாறி, மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு ஆட்களெல்லாம் ஈப்போவுக்கும் குனோங் ராபாட்டுக்கும் குடிபோய்விட்டார்கள். பள்ளி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள்தான் வேனில் ஏறி அதைத் தேடிப் போகின்றன.

அன்று அங்கே கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் செய்கிற துப்புரவு வேலை. பெற்றோர் சிலர் சாக்கடைச் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியை சாலா டீச்சர் முழங்கால் வரை சேறோடு துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றார். ஈப்போ செட்டியார் வீட்டுப் பெண். அவர் குடும்பத்தில் எல்லாரும் வக்கீல், கணக்காய்வாளர் என்று போக, இவர் மட்டும் இந்தப் பள்ளிக்கு வந்து, வேறெங்கும் போகவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

விமலா அறிக்கையை எடுத்து நீட்டினாள். சிற்றுண்டிச்சாலை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாப்பத்தொண்ணுன்னா பெயில்தானே?"

"யாரு சொன்னாக்கா?"

"நூத்துக்கு நாப்பத்தொண்ணு பாஸா டீச்சர்? எங்க காலத்துல அதுக்கு ரோத்தான் அடிதான்."

சாலா டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு அறிக்கையை வாங்கினார். "அக்கா, இது மார்க்கே இல்ல."

விமலாவுக்குப் புரியவில்லை.

"பவித்ரன் எடுத்தது பள்ளிச் சோதன. நாங்க தாள் தயாரிச்சு, நாங்க திருத்தி, நூத்துக்கு இவ்வளவுன்னு போட்டது. இது வேற. நாடு முழுக்க நெறைய பள்ளியில ஒரே தாள் குடுத்து, எந்தப் புள்ள எங்க நிக்குதுன்னு பாக்கற பரீட்ச. ஆறாம் ஆண்டு அரசாங்கச் சோதனைய நிறுத்திட்டாங்கல்ல, அதுக்கப்புறம் புள்ளைங்க வெளியில எப்படின்னு எங்களுக்கே தெரிய மாட்டேங்குது. அதனாலதான் இத எழுத வைக்கறோம். இந்த எண்ணுக்குச் சதமானம்னு பேரு."

"சதமானம்" என்று விமலா சொல்லிப் பார்த்தாள். கோயில் அர்ச்சனையில் வருகிற சொல் மாதிரி இருந்தது.

"தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பீங்கல்ல?"

"வருசா வருசம். புந்தோங்குல இருந்து குனோங் சீரோ வரைக்கும்."

"நூறு பேரு வரிசையாப் போறாங்கன்னு வைங்க. ஒங்க குடத்துல எவ்வளவு பால் இருக்கு? அது மார்க்கு. நீங்க போறப்ப ஒங்களுக்குப் பின்னால எத்தன பேரு வாராங்க? அதுதான் இது. நாடு முழுக்க இத எழுதின அஞ்சாம் ஆண்டுப் புள்ளைங்கள நூறு பேரு வரிசையா சுருக்கினா, நாப்பத்தொரு பேரு குமுதாவுக்குப் பின்னால நிக்கறாங்க. இதுல குடத்தப் பத்தி ஒண்ணுமே எழுதல."

விமலா அந்த எண்ணை மறுபடியும் பார்த்தாள். இரண்டு நாளாக அவளைத் தின்ற எண். அது அங்கேயேதான் இருந்தது, ஆனால் அதன் முகம் மாறிவிட்டது.

"அப்ப மத்தவங்கல்லாம் முன்னால."

"ஆமாக்கா. அதையும் மறைக்க மாட்டேன். நடு வரிசையில கொஞ்சம் பின்னால நிக்கறா. பெரும்பாலான புள்ளைங்க அந்தக் கூட்டத்துலதான் இருக்கு."

"எல்லாப் புள்ளையும் அம்பதுக்கு மேல வந்துட முடியாதா டீச்சர்?"

"முடியாது. வரிசைன்னா பாதிப் பேரு பின்பாதியிலதான் நிக்கணும். எல்லாருமே வேகமா நடந்தாலும் அப்படித்தான்."

விமலா நினைத்துப் பார்த்தாள். நாடு முழுக்கப் பாதிப் பிள்ளைகள், அந்தப் பாதிக்கும் வீட்டில் ஒரு அம்மா. எத்தனை வீட்டில் வியாழக்கிழமை என்னைப் போல ஏசியிருப்பார்களோ.

"போன வருசம் இவ எங்க நின்னா தெரியுமா?" என்று டீச்சர் கேட்டார். "இருபத்துமூணு. ஒரு வருசமா இவ மட்டும் நடக்கல, முன்னால இருக்கறவங்களும் நடந்துக்கிட்டேதான் இருந்தாங்க. அதே இருபத்துமூணுல நின்னிருந்தாலே மத்தவங்களோட சேந்து வந்திருக்கான்னு அர்த்தம். இவ தாண்டி வந்திருக்கா. வீட்டுல யாரு கணக்கு சொல்லிக் குடுக்கறது?"

"யாரும் இல்ல டீச்சர். பவித்ரன் டியூஷன்ல இருந்து வந்து பேசறத பக்கத்துல உக்காந்து கேப்பா."

சொல்லும்போதே விமலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. டீச்சர் அதைப் பார்க்காதது மாதிரி துடைப்பத்தை நகர்த்தி வைத்தார்.

"பவித்ரனும் இத எழுதினான்ல? ஆறாம் ஆண்டு அறிக்க திங்கக்கெழம குடுப்போம். கேக்கறீங்கன்னு சொல்றேன், அவன் அவங்க வரிசையில நாப்பத்தாறு."

"எண்பத்தெட்டு எடுத்தவனா?"

"அது எளிமையான தாள்க்கா. வகுப்புல முக்காவாசிப் பேரு எண்பதுக்கு மேல."

வியாழக்கிழமை வந்து குவிந்த கட்டை விரல்களெல்லாம் விமலாவின் நினைவுக்கு வந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்திருப்பாள்.

எழுந்து புறப்படும்போது டீச்சர் வாசல்வரை வந்தார். "இன்னொண்ணு. கணக்குத் தாள்ல கடைசிப் பக்கத்த குமுதா தொடவே இல்ல. அதுக்கு முன்னால எழுதினது பெரும்பாலும் சரி. அதையும் எழுதியிருந்தா அறுபதுகிட்டப் போயிருப்பா. நேரம் பத்தலையாம்மான்னு கேட்டேன், பேசல. ஆனா நான்தான் அன்னக்கி வகுப்புல நின்னேன். மத்ததுங்க எழுதிக்கிட்டு இருக்கறப்பவே பேனாவ மூடி வச்சிட்டு சன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டு இருந்தா. ஒடம்பு ஏதும் சரியில்லையா?"

"இல்லையே டீச்சர். களைச்சுப் போயிருக்கும்."

சுண்ணாம்புக் குன்றுகள் ஓரமாகத் திரும்பி வரும் வழி முழுவதும் விமலா பேசிக்கொண்டே வந்தாள், தலைக்கவசத்துக்குள் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில். யுகேந்திரனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்தினாள். அறுபதுகிட்டப் போயிருப்பாள் என்று டீச்சர் சொன்னது அவளுக்குப் பெரிய ஆயுதமாகப் பட்டது. என் பிள்ளை, என் பிள்ளை என்று அடித்துக்கொண்டது மனசு. அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றி அவள் வேறு எதுவும் யோசிக்கவில்லை.

*

வாசலில் யுகேந்திரனின் காடி வந்து நின்றபோது வெயில் தாழ்ந்திருந்தது. முதலில் யுகேந்திரன் இறங்கினான். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிய ரோஷினியைப் பார்த்து விமலா ஒரு நிமிடம் சொல்ல வந்ததை மறந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. இதை ஒருவரும் இந்த வீட்டுக்குச் சொல்லவில்லை.

"சொல்லணும்னுதான் இருந்தோம்க்கா" என்றாள் ரோஷினி, தலையைக் குனிந்துகொண்டு.

"நல்லா இரும்மா. உக்காரு, தண்ணி கொண்டாரேன்."

யுகேந்திரன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். காடிச் சாவி கையிலேயே இருந்தது. "துணி எடுத்து வச்சாச்சா அண்ணி?"

"நான் எடுத்து வைக்கல தம்பி."

"ஏன்?"

"நீங்க பாத்தது மார்க்கு இல்ல. நான் டீச்சரப் பாத்துட்டு வந்தேன்."

சொன்னாள். பால்குடம், வரிசை, பின்னால் நிற்கிற நாற்பத்தொரு பேர், போன வருடத்து இருபத்துமூன்று, எழுதாமல் விட்ட கடைசிப் பக்கம், எல்லாவற்றையும் சொன்னாள். தலைக்கவசத்துக்குள் பேசிப் பார்த்தது வீண் போகவில்லை, எதுவும் விட்டுப்போகவில்லை. யுகேந்திரன் சாவியைச் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"எப்படிச் சுத்தினாலும் நாப்பத்தொண்ணு நாப்பத்தொண்ணுதானே அண்ணி. எனக்கும் கணக்குத் தெரியும்லா. நூத்துல அது பாதிகூட இல்ல."

அப்போது தனேஸ்வரன் வாயைத் திறந்தான். விமலா திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, தீம்பார்ல அம்மா பாலு எத்தன வரும்?"

"எந்தப் பாலு?"

"அம்மா மரம் சீவிக் கொண்டாற கித்தாப் பாலுதான். ஸ்டோருல கணக்கெழுதற கிராணி தோம்புல மீட்டர மிதக்க விட்டுப் பாப்பாருல்ல. பாலுல ரப்பர் எவ்வளவு, தண்ணி எவ்வளவுன்னு."

யுகேந்திரன் சிறிது யோசித்தான். "முப்பத்தஞ்சு. முப்பத்தாறு. மழ பேஞ்சா எறங்கும்."

"ஒருநாளு நாப்பது வந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

"ஆமா. கிராணி நம்பல. ரெண்டாவது தடவ போட்டுப் பாத்தாரு. அம்மா வீட்டுக்கு வந்து அன்னக்கி முழுக்க அதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

"நூத்துக்கு நாப்பதுதானா, பெயிலுன்னு யாராச்சும் அம்மாவச் சொன்னாங்களா?"

சாவி நின்றது.

"எதுல அளக்கறாங்கன்னு பாக்காம எண்ண மட்டும் பாத்தா அப்படித்தான்லா" என்று முடித்துவிட்டு தனேஸ்வரன் மறுபடியும் தன் மௌனத்துக்குள் போய்விட்டான். கல்யாணமான பதினைந்து வருடத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு இதுதான் என்று விமலாவுக்குத் தோன்றியது. இனிமேல் தான் தேநீரில் உப்பே போட்டு, இந்த மனிதன் வாய் திறக்காமல் குடித்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் அவள் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. வரும் வழியில் அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று பலமுறை மாற்றி மாற்றி யோசித்திருந்தாள். அறை வாசலில் பவித்ரன் நின்றுகொண்டிருந்தான்.

"அந்த எண்பத்தெட்டு பள்ளியில வச்ச சோதன தம்பி. இந்தப் பரீட்சைய பவித்ரனும் எழுதினான். அவனுக்கு நாப்பத்தாறு. ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒரே இடத்துலதான் நிக்கறாங்க. அவனுக்கு டியூஷன் இருக்கு, இவளுக்கு இல்ல. அது என் தப்பு. அத ஒத்துக்கறேன். ஆனா புள்ளைய நான் பிரிச்சுப் பாக்கல."

பவித்ரனின் முகம் சுருங்கிப்போனது. உள்ளே போனான். அவனை அப்புறம் சமாதானப்படுத்த வேண்டும். மகனின் பெருமையைக் கூடத்தில் வைத்து உடைத்தது அவளுக்கும் வலித்தது, வேறு வழி இல்லை.

யுகேந்திரன் நெற்றியைத் தடவினான். ரோஷினியைப் பார்த்தான். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"சரி அண்ணி. எனக்கு இதெல்லாம் தெரியாதுல்ல. எண்ணப் பாத்ததும் ரத்தம் கொதிச்சிருச்சு. நல்லாத்தான் படிக்குதுன்னா அப்புறம் என்ன. இங்கயே இருக்கட்டும். ரோஷினிக்கும் இப்ப சூசா, முடியல. ஒரே ரூம்பு வீடு வேற."

விமலாவுக்கு உடம்பே லேசானது. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான். இரண்டு நாளாகக் கேட்க ஏங்கிய சொல். முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். பாரத்தை இறக்கி வைத்தவன் சாய்கிற மாதிரி அல்லவா சாய்ந்தான். கூட்டிக்கொண்டு போக வந்தவனின் வீட்டில் ஒரே அறை. பிறக்கப் போகிற பிள்ளைக்கே அதில் இடம் பார்க்க வேண்டும். சித்தியவானிலிருந்து காடியை ஓட்டிக்கொண்டு வந்தவன், வழி முழுக்க யாராவது வேண்டாம் என்று சொல்ல மாட்டார்களா என்று எதிர்பார்த்தபடியே வந்திருக்கிறான்.

"அப்பா, நான் ரெடி."

எல்லாரும் திரும்பினார்கள். குமுதா தீபாவளிக்கு எடுத்த நீலச் சுடிதாரைப் போட்டிருந்தாள். தலையைத் தானே இரண்டு பின்னலாகப் பின்னியிருந்தாள், ஒன்று மேலே, ஒன்று கீழே. தோளில் புடைத்த பள்ளிப் பை. கையில், இன்னும் முழுதாகக் காயாத காலணிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பிடித்திருந்தாள். அந்தப் பையை விமலா அடுக்கவில்லை, அடுக்கச் சொல்லவும் இல்லை.

"வேணாம்மா" என்றான் யுகேந்திரன், சிரித்துக்கொண்டே. "நீ நல்லாப் படிக்கிறியாம்ல. பெரியம்மா எல்லாம் சொன்னாங்க. அப்பாதான் சரியாப் பாக்கல. நீ இங்கயே இரு, என்ன?"

குமுதா அப்பாவைப் பார்த்தாள். ரோஷினியின் வயிற்றைப் பார்த்தாள். பையை இறக்கவில்லை.

விமலாவுக்கு அப்போது டீச்சர் சொன்ன சன்னல் நினைவுக்கு வந்தது. மூடி வைத்த பேனா. கழுவிய காலணி. நெத்திலியைக் கிள்ளாமல் நின்ற கை. இத்தனை நாளாகப் பயம் என்று நினைத்தாளே. கேட்காமல் விட்டுவிடலாம். கேட்காவிட்டால் பிள்ளை இங்கேயே இருக்கும், யுகேந்திரன் நிம்மதியாகப் போய்விடுவான், நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும். கேட்டால் தானே ஜெயித்ததைத் தானே கை நழுவ விட வேண்டி வரலாம்.

"குமுதா" என்றாள். "அந்தக் கடைசிப் பக்கத்த ஏம்மா எழுதல?"

பிள்ளை அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னாள், மெதுவாக, குறை சொல்வது மாதிரிகூட இல்லாமல்.

"எழுதியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்கல்லப்பா."

ரோஷினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யுகேந்திரன் மிரட்டலாகச் சொன்னதைப் பிள்ளை வாக்காக எடுத்துக்கொண்டு, அதை நம்பி ஒரு முழுப் பக்கத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. எட்டு வருடம் தலை வாரி, சோறு ஊட்டி, காய்ச்சலுக்குப் பக்கத்தில் படுத்து வளர்த்தவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. தைத்தாலும் பிள்ளை மேல் கோபம் வரவில்லை. யாருக்குத்தான் அப்பா வேண்டாம்?

யுகேந்திரன் எழுந்து நின்றான். சாவியைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், கடைசியில் அண்ணியைப் பார்த்தான். எப்போதும் போல அவள் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவாள் என்று அவன் எதிர்பார்ப்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

விமலா குமுதாவின் பக்கத்தில் போய் நின்றாள். பையை வாங்கக் கை நீட்டவில்லை.

"என்ன ஏன் பாக்கறீங்க தம்பி? புள்ள ஒங்களத்தான் கேக்குது. பதில் சொல்லுங்க."